செங்கல்லில் எழுதிய பஞ்சாங்கம்

நியூ ஜெர்சி மாகாணத்தின் நடுவில், ராரிட்டன் ஆற்றின் வடகரையில் அமைந்திருக்கும் பிஸ்கட்டவேயைப் பற்றி அங்கே குடியிருக்கும் நம்மவர்களைக் கேட்டால், கம்ப்யூட்டர் உத்தியோகம், ரட்கர்ஸ் சர்வகலாசாலை, பக்கத்து எடிசனில் ஓக் ட்ரீ சாலையின் மளிகைக் கடைகள், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் சொல்வார்களேயன்றி, அவ்வூரின் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் பிரஸ்தாபிக்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றமன்று. சோழன் எழுப்பிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 1666-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரக் குடியானவர்கள் வந்து இறங்கிய ஊர் நேற்று முளைத்ததாகத்தான் தோன்றும். ஆனால் வீடு கட்டுவோர் பேஸ்மென்டுக்குப் பள்ளம் பறிக்கும்போது, நாலடி ஐந்தடி ஆழத்திலேயே செங்கல் நிறத்தில் ஒரு கல் தட்டுப்பட்டு, கடப்பாரை பட்டதும் ஏடு ஏடாகப் பிளந்துகொண்டு வருகிறதே, அந்தக் கல்லுக்கு வயது இருபது கோடி ஆண்டுக்கு மேல். பூகர்ப்ப சாஸ்திரிகள் அதற்குப் பஸேயிக் படிவம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூர்வகால ஜீவராசிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தச் சிவப்புக் கல்லுக்கு உள்ள ஸ்தானம், எத்தனையோ பெரிய பெரிய எலும்புக் கூடுகளுக்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்படிச் சொன்னால் ஆற்றைக் கடந்து நியூ பிரன்ஸ்விக்குக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். அங்கே ரட்கர்ஸ் கலாசாலையின் பழைய கட்டடங்களுள் ஒன்றான ஜியாலஜி ஹாலில், ஜார்ஜ் குக் என்னும் பேராசிரியர் 1872-இல் நிறுவிய பொருட்காட்சி சாலை இருக்கிறது. அதன் நடுவே நிற்பது மாஸ்டடான் என்னும் மிருகத்தின் எலும்புக் கூடு. யானையின் ஒன்றுவிட்ட பங்காளி என்று அதைச் சொல்லலாம். தந்தமும் தும்பிக்கையும் இருந்தும், கடைவாய்ப் பற்கள் மட்டும் யானையின் பல்லைப்போல் தட்டையாக இல்லாமல், மரக்கிளைகளைக் கடித்து மெல்லுவதற்கு ஏற்றபடி குமிழ் குமிழாக எழுந்து நிற்கும். தென் நியூ ஜெர்சியில் சேலம் கவுண்டியைச் சேர்ந்த மானிங்டனில் 1869-இல் மண் எடுக்கும்போது அகப்பட்டது அது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனாலும் மாஸ்டடான் மறைந்து பதினாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. பிஸ்கட்டவேயின் சிவப்புக் கல்லோடு ஒப்பிட்டால் அது இன்று காலையில் செத்த மிருகம்.

இருபத்திரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அட்லாண்டிக் மகாசமுத்திரம் என்று ஒன்று அன்று கிடையாது. கண்டங்கள் யாவும் ஒட்டிக்கொண்டு ஒரே நிலப்பரப்பாகக் கிடந்தன. நியூ ஜெர்சிக்கு அண்டை வீடு மொராக்கோ. பூமத்திய ரேகைக்குச் சமீபத்தில், உஷ்ணப் பிரதேசத்தில், நியூ ஜெர்சி இருந்த அந்தக் காலத்தில் நம் தமிழ்நாடு தென்பாதி உலகத்தில் வெகுதூரத்தில் இருந்தது. இந்தப் பெருநிலம் பிளக்கத் தொடங்கியபோது, பிளவின் ஓரங்களில் தரை அமிழ்ந்து நீண்ட பள்ளத்தாக்குகள் உண்டாயின. அவற்றுள் ஒன்று, நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்து பென்ஸில்வேனியா வரையில் நீண்டிருந்த நூவர்க் பள்ளத்தாக்கு. சுற்றிலும் இருந்த மலைகளிலிருந்து மழைநீர் அடித்துக்கொண்டு வந்த வண்டலெல்லாம் இதில் வந்து சேர, தரை அமிழ அமிழ வண்டல் மேலும் மேலும் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் பல ஆயிரம் மீட்டர் கனத்துக்குக் குவிந்துவிட்டது.

மழை நன்றாகப் பெய்த காலங்களில் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு மகா ஏரி. மழை பொய்த்த காலங்களில் வெடித்துக் கிடக்கும் சேற்று வெளி. ஏரி ஆழமாக இருந்தபோது அடித்தண்ணீரில் பிராணவாயு இல்லாமையால், செத்து விழுந்த செடிகொடிகளும் பிராணிகளும் அழுகி மறையாமல் கருஞ்சேற்றில் புதைந்தன. அந்தச் சேறே கறுத்த களிப்பாறையாயிற்று. ஏரி வற்றியபோது வண்டலில் இருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறிச் சிவந்தது. அதில் எலும்பு நிலைக்கவில்லை. இதனால்தான் பிஸ்கட்டவேயின் செங்கல்லில் தேடுகிறவனுக்கு எலும்பு அகப்படுவது அபூர்வம். ஆனால் ஈரச் சேற்றில் நடந்த பிராணிகளின் காலடிகள் அகப்படும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் உண்டு: ஒரு பிராணிக்கு எலும்புக் கூடு ஒன்றுதான், அதன் ஆயுளில் பதிக்கும் அடிச்சுவடுகளோ லட்சக்கணக்கானவை.

கறுத்த ஏடுகளில் கிடைக்கும் பொக்கிஷம் வேறு விதம். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் 1946-இல் ஃபயர்ஸ்டோன் நூல் நிலையத்துக்குக் கடைக்கால் தோண்டினார்கள். புத்தகங்களுக்கு இடம் செய்வதற்காக வெட்டிய அந்தப் பள்ளத்தில், டிப்ளூரஸ் என்னும் சிறிய மீனின் கல்லாய்ச் சமைந்த உருவங்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. சீலகாந்த் என்று பெயர்பெற்ற பழங்குல மீனின் உறவு அது. டைனோசர்களோடு கூடவே அழிந்துபோயிற்று என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த அந்தக் குலத்தைச் சேர்ந்த மீன் ஒன்று 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் அகப்பட்டு உலகத்தைத் திகைக்கவைத்த கதையைப் பலரும் படித்திருப்பார்கள்.

காலடிகளின் கதையிலும் ரசமான அம்சம் ஒன்று இருக்கிறது. வடக்கே ரோஸ்லாண்ட் என்னும் ஊரில், கல் வெட்டிக் கைவிட்ட ரைக்கர் ஹில் குவாரியில், பால் ஓல்ஸன், டோனி லெஸ்ஸா என்ற இரு பையன்கள் 1968-இல் டைனோசர்ச் சுவடுகளைக் கண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கல்லில் மூன்று விரல் காலடி அகப்பட்டால் வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைப்பதுதான் வழக்கம். இவர்களோ அந்த இடமே வீட்டுமனைகளாகிவிடாமல் காப்பாற்றப்பட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனுக்கே கடிதம் எழுதி, சுவடு ஒன்றின் அச்சையும் அனுப்பிவைத்தார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி கடைசியில் பூங்காவாக நிலைத்துவிட்டது. அந்த ஓல்ஸன்தான் பிற்காலத்தில் கொலம்பியா சர்வகலாசாலையின் பேராசிரியராகி, இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயமான காரியத்தைச் செய்து முடித்தவர்களுள் ஒருவரானார்.

அந்தக் காரியம் இது. நூவர்க் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் மட்டமாகக் கிடக்கவில்லை, வடமேற்கே சரிந்திருக்கின்றன. ஆகையால் ஒரே இடத்தில் பல கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட வேண்டிய அவசியம் இல்லை. சற்றுத் தள்ளித் தள்ளி ஏழு இடங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளைத்தால், ஒரு துளையின் அடிப்பகுதியில் உள்ள அடுக்கு அடுத்த துளையின் மேற்பகுதியில் வந்து நிற்க, எல்லாவற்றையும் தொடுத்துவைத்து முழு அடுக்கையும் ஆதியந்தமாகப் படித்துவிடலாம். பிற்காலத்தில் ரட்கர்ஸில் பேராசிரியரான டென்னிஸ் கென்டும் ஓல்ஸனும் முன்னின்று 1990-இல் தொடங்கிய வேலை அப்படியே நடந்தது. பிரின்ஸ்டன், டைட்டஸ்வில், மார்ட்டின்ஸ்வில் முதலான இடங்களில் துளைத்தார்கள். ரட்கர்ஸ் நிலத்திலும் துளைத்தார்கள். வெளிவந்த கல்தண்டுகளின் மொத்த நீளம் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல். அவை பிஸ்கட்டவேயில், சர்வகலாசாலையின் கல்தண்டுக் கிடங்கில், பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.

கைப்பிடிக்குள் அடங்கும் பருமனுள்ள அந்தத் தண்டில் பார்ப்பதற்கு முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு கை தண்ணீரைத் தெளித்தால், உலர்ந்திருந்தபோது மங்கலாக இருந்த நிறமெல்லாம் எழுந்துவிடும். சிவந்த கல்லின் குறுக்கே, கோடைக்கால ஏரித்தரையில் விழும் வெடிப்பைப்போலவே ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே இறங்கி, பிறகு வந்த வண்டலால் அடைபட்டிருக்கும். இன்னும் சற்று மேலே போனால் சிவப்பு மாறிச் சாம்பல் நிறமாகி, பிறகு கன்னங்கறுத்து, காகிதத்தைவிட மெல்லிய வரிகளாகி, மறுபடியும் சாம்பல், மறுபடியும் சிவப்பு. ஒரு ஏரி நிரம்பி, ஆழ்ந்து, வற்றிப்போன சரித்திரம் இந்த மூன்று மூன்றரை மீட்டரில் அடங்கியிருக்கிறது. அதற்கு ஆன காலம் இருபதாயிரம் ஆண்டுகள்.

இந்த இருபதாயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலை ஆடுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை நம் ஜோதிட சாஸ்திரிகள் அயன சலனம் என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். இந்த ஆட்டத்தினால் கோடையில் சூரியன் பூமிக்கு அருகில் இருக்கும் காலமும் விலகியிருக்கும் காலமும் ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறி மாறி வருகின்றன. அருகில் இருக்கும்போது நிலம் அதிகமாகச் சூடேறிப் பருவமழை வலுக்கிறது, ஏரி நிரம்புகிறது. விலகும்போது மழை குன்றுகிறது, ஏரி வற்றுகிறது. பிரின்ஸ்டனில் இருந்த வான் ஹூட்டன் என்னும் பேராசிரியர் 1960-களிலேயே இதை இந்தப் பாறைகளில் கண்டு சொன்னார். அவர் பெயராலேயே அந்தச் சுற்று வழங்குகிறது.

இதற்கும் மேலான சுற்று ஒன்று இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றிவரும் பாதை ஒரு காலத்தில் ஏறக்குறைய வட்டமாகவும், ஒரு காலத்தில் சற்றே நீள்வட்டமாகவும் மாறுகிறது. பாதை நீளும்போது மழையின் ஏற்றத்தாழ்வும் மிகுதி; வட்டமாகும்போது ஏரிகள் எப்போதும் ஆழமற்ற நிலையில் நிற்கும். இப்படிப் பூமியின் பாதையை இழுத்து வளைப்பவர்கள் குருவும் சுக்கிரனும். வியாழன் உருவத்தால் பெரியது. வெள்ளி சமீபத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 4,05,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக வருகிறது. பிஸ்கட்டவேயின் கல்தண்டில் அது சுமார் அறுபது மீட்டருக்கு ஒரு முறை கறுப்புப் பட்டைகள் நெருங்கி வருவதாகவும் பிறகு அருகிப்போவதாகவும் தென்படுகிறது. கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள் என்னும் நம் புராணக் கணக்கு இதற்கு அருகில் வருவதைக் கண்டு யாரேனும் முடிச்சுப் போட முற்படலாம். வேண்டாம், தற்செயலாக நேர்ந்தது அது. ஆனால் குருவையும் சுக்கிரனையும் வைத்துக் காலத்தைக் கணிக்கும் பஞ்சாங்கம் ஒன்று நியூ ஜெர்சியின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பஞ்சாங்கம் என்றால் அதற்குத் தொடக்க வருஷம் தெரிய வேண்டும். செம்மண் அடுக்குகளைக் கொண்டு இத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று எண்ணலாமேயொழிய, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பது தெரியாது. இந்தக் குறையைத் தீர்த்துவைத்தது அரிஸோனா பாலைவனம். அங்கே கல்மரக் காடு என்று பெயர்பெற்ற தேசியப் பூங்காவில், நம் திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கிடப்பவைபோன்ற, ஆனால் அவற்றைவிடப் பழைய கல்மரங்கள் ஆயிரக்கணக்கில் உருண்டு கிடக்கின்றன. அந்த மரங்கள் புதைந்த அடுக்குகளில் எரிமலைச் சாம்பலோடு வந்து விழுந்த ஸிர்க்கான் படிகங்கள் உண்டு. அவற்றுக்குள் யுரேனியம் காரீயமாக மாறும் விகிதத்தைக் கொண்டு வயதைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பூங்காவிலும் 2013-இல் துளையிட்டுக் கல்தண்டு எடுத்தார்கள். சரி, ஒன்றுக்கொன்று மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இரண்டு கல்தண்டுகளை எப்படிப் பொருத்துவது? பூமியின் காந்த முனைகள் வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் அவ்வப்போது தலைகீழாக மாறிவிடுவதுண்டு. வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையை நோக்கி நின்று அப்படியே இறுகிவிடுகின்றன. இந்த மாற்றங்களின் வரிசை உலகமெங்கும் ஒன்றே. நியூ ஜெர்சியின் வரிசையையும் அரிஸோனாவின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தி, 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் குரு சுக்கிரச் சுற்று 4,05,000 ஆண்டுகளாகவே இருந்தது என்று கென்டும் ஓல்ஸனும் அவர்களுடைய சகாக்களும் 2018-இல் நிரூபித்தார்கள்.

எலும்புகளைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும், இந்தக் கல்தண்டுகளைப் பார்க்க ஆளில்லாமல் இருப்பதும் இயல்புதான். ஆனால் ஓர் எலும்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது எந்தக் காலத்தது, எதற்கு முன் எதற்குப் பின் என்பது தெரியாவிட்டால் வெறும் வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பிஸ்கட்டவேயிலிருந்து பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயிலுக்குக் காரில் போகிறவர்கள், வடக்கே அடிவானத்தில் தாழ்ந்து நீண்டு கிடக்கும் வாட்சங் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். சுமார் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், பிளவு ஆழப்பட்டு உள்ளிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல் குன்றுகள் அவை. அதே சமயத்தில் மொராக்கோவிலும் பிரேசிலிலும் இதே குழம்பு பொங்கிற்று. அந்தச் சமயத்தில்தான் உலகத்து ஜீவராசிகளில் பெரும்பகுதி மாண்டது. முதலையின் உறவினங்களாய் அதுவரையில் நிலத்தை ஆண்டுகொண்டிருந்த பிராணிகள் பெரும்பாலும் ஒழிந்து, அவற்றின் நிழலில் ஒதுங்கி வாழ்ந்த டைனோசர்கள் தலையெடுத்தன. குழம்புக்குக் கீழே உள்ள அடுக்குகளில் பல வகைக் காலடிகள். மேலே உள்ள அடுக்குகளிலோ டைனோசரின் மூன்று விரல் அடிகள் மிகுந்து, பெரிதாகியும் காணப்படுகின்றன. இந்த மாறுதல் எவ்வளவு விரைவில் நேர்ந்தது என்பதை எந்த எலும்பும் சொல்லவில்லை. அடுக்குகளின் கணக்குத்தான் சொல்லிற்று.

ராரிட்டனைக் கடந்து தெற்கே போனால் காலமும் பாறையும் மாறிவிடுகின்றன. அட்லாண்டிக் பிறந்து அலை மோதத் தொடங்கிய பிற்காலத்து மண் அது. ஸேர்வில் என்னும் ஊரின் களிமண் குழிகளில், ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களிலிருந்து வழிந்த பிசின், அம்பராகிக் கிடக்கிறது. அதே காலத்து ஒரு பூவும் அங்கே கிடைத்திருக்கிறது: சில மில்லிமீட்டர் அளவே உள்ள, கரியாய்ப் போன, ஆம்பல் குலத்துப் பூ. இதழடுக்கின் அமைப்பைப் பார்த்தால், வண்டுகளை இரவெல்லாம் உள்ளே அடைத்துவைத்து மகரந்தம் பூசி அனுப்பும் விக்டோரியா ஆம்பலை ஒத்திருக்கிறது என்கிறார்கள். கொஞ்சம் கிழக்கே கிளிஃப்வுட் கடற்கரையில் 1966-இல் ஃபிரே தம்பதிகள் பொறுக்கியெடுத்த அம்பர்த் துண்டு ஒன்றுக்குள் எறும்பு இருந்தது. அவ்வளவு பழைய எறும்பை அதுவரையில் யாரும் கண்டதில்லை. குளவியின் சாயலும் எறும்பின் சாயலும் கலந்த அதற்கு மறு ஆண்டில் ஸ்பெகோமிர்மா ஃபிரேயை என்று, கண்டெடுத்தவர்கள் பெயரையே சேர்த்து நாமகரணம் செய்தார்கள்.

இன்னும் தெற்கே மன்மத் கவுண்டியில் பிக் புரூக் என்று ஓர் ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று சல்லடையில் மணலை அள்ளிச் சலித்தால், ஏழு கோடி ஆண்டுக்கு முந்திய சுறாப் பற்கள் கிடைக்கும். விரல் நகத்தளவு கறுத்த பல் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஓரத்தில் ரம்பப் பல் வரிசை இன்னும் மழுங்காமல் இருப்பதைக் காணலாம். துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டும் அகப்படும். கணவாய் மீனின் பூர்வ உறவினுடைய உட்கூடு அது. நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஐந்து புதைபடிவங்களுக்கு மேல் எடுக்கலாகாது என்பது அவ்விடத்து விதி.

சுறாப் பல்லும் பெலம்னைட்டும் என்றதும் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தவர்களுக்கு வேறு நினைவு வரும். அரியலூர் அடுக்குகளின் காலமும் பிக் புரூக்கின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. காரை கிராமத்து ஓடைகளில் கிடைப்பவை இன்னும் சற்று முந்தியவை. சாளக்கிராமத்தில் சக்கரமாய்த் தோன்றும் அதே அம்மனைட்டுகள் இங்கே ஆட்டிடையன் காலில் இடறும். சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் திரட்டி அனுப்பிய சங்குசிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் வருணித்தார். பிறகு பூகர்ப்ப இலாகாவின் ஸ்டோலிச்கா பல தொகுதிகள் எழுதினார். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். ஆயினும் கல்லமேட்டில் கண்டெடுத்த பிருஹத்காயோஸாரஸ் என்னும் மகா டைனோசரின் எலும்புகள் தக்க பாதுகாப்பின்றிச் சிதைந்துபோய், இன்று படங்களும் அளவுகளுமே மிஞ்சியிருக்கின்றன. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தந்தான்.

அந்த வகையில் நியூ ஜெர்சிக்காரர்களும் நிரபராதிகள் அல்லர். நம் அரியலூரைச் சிமென்டுக்காகத் தோண்டுவதுபோல, அங்கே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மார்ல் என்னும் பச்சைக் களிமண்ணை வயலுக்கு உரமாகத் தோண்டினார்கள். ஹாடன்ஃபீல்டு என்னும் ஊரில் ஜான் ஹாப்கின்ஸ் என்பவருடைய பண்ணையில் அப்படித் தோண்டியபோது பெரிய பெரிய எலும்புகள் வெளிப்பட, வந்து பார்த்த விருந்தாளிகளெல்லாம் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, 1858-இல், இந்தக் கதையை ஹாப்கின்ஸ் வாயிலாகவே கேட்ட வில்லியம் ஃபோல்க் என்பவர் அந்தக் குழியை மறுபடியும் தேடிப்பிடித்துத் தோண்டுவித்தார். கிடைத்ததை ஃபிலடெல்ஃபியாவின் ஜோஸப் லைடி ஆராய்ந்து ஹாட்ரோஸாரஸ் ஃபோல்கி என்று பெயரிட்டு, முன்கால் குட்டையாகவும் பின்கால் நீளமாகவும் இருப்பதைக் கொண்டு, டைனோசர் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கவும் கூடிய பிராணி என்று எடுத்துரைத்தார். அதுவரையில் அவற்றைக் காண்டாமிருகம்போல் நாலு காலில் ஊர்வனவாகவே உலகம் கற்பித்துக்கொண்டிருந்தது. உலகத்திலேயே முதன்முதலாகப் பூட்டி நிறுத்திய டைனோசர் எலும்புக் கூடு அதுதான். 1868-இல் ஃபிலடெல்ஃபியாவில் அதைப் பூட்டிய வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸுக்கு ஒரு சங்கடம் இருந்தது. விருந்தாளிகள் கொண்டுபோன முதுகெலும்புகள் திரும்பி வரவில்லை. மண்டையோடோ குழியிலேயே அகப்படவில்லை. ஆகவே இகுவானா என்னும் ஓணான் ஜாதியின் தலையைப் பார்த்து ஒரு தலையைப் பிளாஸ்டரில் செய்து, எலும்புக் கூட்டின் மேல் வைத்துவிட்டார். ஜனங்கள் திரள் திரளாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.